மலையும் மழலையும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. இதைச் சொல்லிச் சொல்லியே ஐந்து வயதுக் குழந்தையை நாம் வளைக்கத் தொடங்கிவிட்டோம். கையைக் கட்டு, வாயைப் பொத்து, அசையாமல் உட்கார் என்பதே பல இடங்களில் முதற்பாடம். குழந்தையின் கையைக் கட்டினால் அதன் அறிவையும் சேர்த்துக் கட்டுகிறோம் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலில் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் தம் கல்வி முறைக்கு மெருகேற்றிய இடங்களுள் ஒன்று நம் பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல். அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களைத் தாண்டிச் சென்றால் வருவது போளூர். அவ்வூரில் பிறந்தவள் என்ற முறையில் இப்பொருளை ஆராய்வதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு.

ஏழைக் குழந்தைகளின் இல்லம்

1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் பிறந்த அம்மையார், 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். அங்கு வந்தவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றுவிட, கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகள். இச்செய்தியை நாம் மறத்தலாகாது. இன்று 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் காண்கிறோம். ஆனால் அம்முறை பிறந்ததோ உழைப்பாளி வீட்டுக் குழந்தைகளுக்காக.

கையே ஆசான்

அம்மையார் அமைத்த கருவிகள் எளியவை. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பக்கம் கொண்ட பத்துக் கனசதுரக் கட்டைகள். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியது வரை கோபுரமாக அடுக்க வேண்டும். மற்றொன்று, ஒரு மரச்சட்டத்தில் பத்துக் குழிகளும் அவற்றுக்குப் பொருந்தும் பத்து உருளைகளும். ஓர் உருளையை இடம் மாற்றிப் போட்டால், இறுதியில் ஓர் உருளை குழியில் அடங்காமல் மிஞ்சும். தவற்றைச் சுட்ட ஆசிரியை வேண்டியதில்லை, கருவியே சுட்டிவிடும். அடி இல்லை, வசை இல்லை. குழந்தை தானே திருத்திக்கொள்கிறது. எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி வைப்பார்கள். குழந்தை விரலால் அவற்றைத் தடவும்போது கண், கை, காது மூன்றும் ஒருங்கே எழுத்தை அறிகின்றன.

இது நமக்கு முற்றிலும் புதியதா? நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தான். சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்பவர் இம்முறையைக் கண்டு வியந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். வெவ்வேறு வயதினர் ஒரே அறையில் கூடிப் பயில்வது மாண்டிசோரி முறையிலும் உண்டு. அடியும் மனப்பாடமும் திண்ணைப் பள்ளியின் குறைகள் எனினும், மணலும் விரலும் நம்முடையவையே.

கொடைக்கானலில் அம்மையார்

1939ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, தம் மகன் மாரியோவுடன் அம்மையார் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். அங்கு நடந்த பயிற்சியில் ஏறத்தாழ முந்நூறு பேர் சேர்ந்தனர். 1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்று மாரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று அவர் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்தின அம்மையார் அங்கு அவர்களுக்குத் துணை நின்றார்.

அங்கு பல வயதுக் குழந்தைகளுக்காகச் சிறு பள்ளி நடந்தது. செடி, கொடி, பூச்சி, நீர்வாழ் உயிர் என்று மலையில் உள்ளவையெல்லாம் பாடமாயின. மண், நீர், தாவரம், விலங்கு, மனிதன் அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று உணர்த்தும் 'பேரண்டக் கல்வி' என்னும் கருத்து இங்கேதான் செழித்தது. நம் மலை அவருக்கு ஒரு நூலாக விளங்கியது எனலாம்.

பருவமும் விழாவும்

மாண்டிசோரி இல்லங்களில் பிறந்தநாள் கொண்டாடும் முறை ஒன்று உண்டு. நடுவில் ஒரு விளக்கு, அதுவே சூரியன். குழந்தை கையில் சிறு பூமி உருண்டையை ஏந்தி விளக்கைச் சுற்றி வரும். நான்கு வயதென்றால் நான்கு சுற்று. ஆண்டு என்பது என்ன என்று குழந்தையின் கால்களே அறிந்துகொள்கின்றன. இதையே நம் குறிஞ்சிக்கும் பொருத்தலாம். 2018இல் பூத்த குறிஞ்சி மீண்டும் பூப்பது 2030இல். பன்னிரண்டு சுற்று நடந்து பார்த்த குழந்தைக்கு அப்பூவின் பொறுமை விளங்கும்.

நம் விழாக்கள் யாவும் கைவேலைகளே. பொங்கலுக்கு மொச்சை உரிப்பது விரலுக்குப் பயிற்சி, புள்ளிக் கோலம் கணக்கு, கார்த்திகை அகலில் சிந்தாமல் எண்ணெய் ஊற்றுவது நிதானம், கொலுப்படி வரிசை. ஆனால் பல பள்ளிகளில் விழா என்றால் என்ன நடக்கிறது? குழந்தைக்குச் சாயம் பூசி மேடையேற்றித் திரைப்பாட்டுக்கு ஆடவைக்கிறோம். உரிக்கவும் ஊற்றவும் துடித்த கை, கைத்தட்டலுக்காகக் காத்து நிற்கிறது. விழா குழந்தைக்காகவா, பார்ப்பவர்க்காகவா?

மலையூரில் கண்டது

சென்ற விடுமுறையில் எங்கள் பகுதிப் பால்வாடி ஒன்றுக்குச் சில நாள்கள் சென்று வந்தேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு எங்கள் வாழ்வாதாரம். டீச்சரின் இசைவோடு ஒரு கூடை பூண்டும் மூன்று கிண்ணங்களும் வைத்தேன். அதுவரை யாரிடமும் வாய் திறவாத நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பெரியது, நடுத்தரம், சிறியது என்று தானே பிரிக்கத் தொடங்கினான். அரைமணி நேரம் தலை நிமிரவில்லை. மற்றொரு குழந்தை சிறிய பூண்டைப் பெரிய கிண்ணத்தில் இட்டதும், "இது தம்பிப் பூண்டு" என்று எடுத்து மாற்றினான். அவன் பேசக் கேட்ட முதற்சொல் அதுவே என்றார் டீச்சர்.

இதில் பெரிய பொருள் இருக்கிறது. பால்வாடி குழந்தையை ஈர்க்காவிட்டால், அது தாயோடு காட்டுக்குச் செல்லும். மருந்தடிக்கும் வயலின் வரப்பில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்கும். வீட்டில் இருத்திப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே மலையூர்க் குழந்தைக்கு நல்ல பால்வாடி ஆடம்பரம் அன்று, பாதுகாப்பு.

முடிவுரை

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் சிற்றூர்கள்தோறும் அங்கன்வாடிகளைத் தந்தது. 2019இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளையும் தொடங்கியது. கட்டடமும் உணவும் வந்தன. கைக்கு வேலை தருவது நம் போன்றோர் செய்யக்கூடியது. விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. தச்சுப்பட்டறைத் துண்டுக்கட்டைகள் கோபுரமாகும், அவரை விதை எண்ணிக்கையாகும், உப்புத்தாள் எழுத்தாகும். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தோழர்கள் இதைத் தம் ஊரிலேயே தொடங்கலாம்.

பூம்பாறையில் முருகனைக் குழந்தை வேலப்பராக வணங்குபவர்கள் நாங்கள். கோயிலில் குழந்தைக்குத் தரும் மதிப்பைப் பால்வாடியிலும் தருவோமாக. வளைப்பதற்கன்று, வளர்வதற்கே ஐந்து வயது.