ஆட்டு மந்தையும் செம்புத் துண்டுகளும்

கடத்தூரில் எங்கள் குடும்பத் தொழில் ஆடு மேய்ப்பது. விடுமுறையில் மந்தையின் பின்னே நடக்கையில் ஒரு வினா என்னை விடாது தொடர்ந்தது. முன்னே செல்லும் ஆடு அடிக்கடி மாறுகிறது, கட்டளையிடுவார் எவருமில்லை. ஆயினும் மந்தை ஒன்றாகத் திரும்புகிறது. எங்ஙனம்? "பிசிக்ஸ் படிக்கிறயே, இதுக்கு உன் பாடத்துல பதில் இருக்குதா?" என்றார் தந்தையார். பாடநூலில் விடை இல்லை, தேடினேன்.

குடுவையிலுள்ள வாயு மூலக்கூறுகளைத் தனித்தனியே பின்தொடர இயலாது. எனவே மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் முதலியோர் 19-ஆம் நூற்றாண்டில் சராசரிகளைக் கொண்டு கணக்கிடும் புள்ளியியல் இயற்பியலை வகுத்தனர். அதன்படி, ஒரு சிறு பகுதியில் சராசரியாக 10,000 மூலக்கூறுகள் இருப்பின், அவ்வெண்ணிக்கை ஏறியிறங்குவது ஏறத்தாழ 100. அதாவது அதன் வர்க்கமூலம்.

உயிர்க் கூட்டம் எங்கே வேறுபடுகிறது? ஆடு, தின்ற புல்லின் ஆற்றலைச் செலவிட்டுத் தானே நடக்கிறது. ஒவ்வோர் உறுப்பும் ஆற்றலைச் செலவிடும் கூட்டம் வெப்பச் சமநிலையில் இருப்பதில்லை. 1995-இல் ஹங்கேரியின் விச்செக்கும் அவர் குழுவினரும் ஓர் எளிய விதியைக் கணிப்பொறியில் இட்டனர்: ஒவ்வொரு துகளும் தன் அருகிலுள்ளவற்றின் சராசரித் திசையில், சிறிது பிழையோடு, செல்லவேண்டும். பிழை மிகுந்தபோது குழப்பம்; குறைந்தபோது கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நகர்ந்தது. தலைவன் தேவைப்படவில்லை!

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர், நமக்கு அண்மையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ஸ்ரீராம் ராமசாமி. தாமே இயங்கும் கோல் வடிவத் துகள்கள் ஒரு தளத்தில் வரிசைப்பட்டு நிற்பின், எண்ணிக்கையின் ஏற்றயிறக்கம் வர்க்கமூலத்தை வெகுவாக விஞ்சி, எண்ணிக்கைக்கே நேர்விகிதமாகப் பெருகும் என்று அவரும் சிம்ஹா, டோனர் ஆகியோரும் 2003-இல் கணித்தனர். 2007-இல் விஜய் நாராயண், ராமசாமி, நாராயணன் மேனன் மூவரும் செம்புக் கம்பித் துண்டுகளை அதிரும் தட்டில் இட்டு இதனைக் கண்ணாரக் கண்டனர். உயிரற்ற துண்டுகளுக்குத் தட்டின் அதிர்வே உணவாயிற்று.

இதைச் சொன்னபோது தந்தையார் சிரித்தார். "ஒரு பக்கம் அப்பிக்கும், ஒரு பக்கம் வெறிச்சோடிடும். அந்தச் சந்துலதான் குட்டி தப்பிப்போவும். இது எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரிந்ததும் நூல் சொல்வதும் ஒன்றுதானா? செம்புத் துண்டுக்குக் கண்ணில்லை, அச்சமில்லை. ஆட்டுக்கு இரண்டும் உண்டு. ஆகவே அவசரப்பட்டு ஆமெனச் சொல்லுதல் அறிவியல் ஆகாது. எண்ணிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். வரும் விடுமுறையில் குன்றின்மேல் அமர்ந்து எண்ணப் போகிறேன். நண்பர்களே, உடன் வருவீர்களா?