பண்பிற்குப் பெயரிடும் விகுதிகள்
(சிலாவிய மூலமொழி பற்றிய ஒரு பாடம்)



1980ஆம் ஆண்டு போலந்து நாட்டின் கடான்ஸ்க் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு தொழிற்சங்கம் தோன்றியது. அதன் பெயர் ‘சொலிதார்நோஷ்ச்’. ஒருமைப்பாடு என்பது பொருள். 1985ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தின் தலைமையை ஏற்ற கோர்பச்சேவ், ‘கிளாஸ்நஸ்த்’ என்னும் பழைய சொல்லை உலகறியச் செய்தார். வெளிப்படைத்தன்மை என்பது அதன் பொருள். இவ்விரு சொற்களின் ஈற்றிலும் நிற்பது ஒரே விகுதியாகும். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னரும் அவ்விகுதி வழங்கியது. அதனையும் அதன் உடன்பிறப்புகளையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

மூலமொழி

ரஷ்யம், போலிஷ், செக், பல்கேரியம், சேர்பியம் முதலியன ஒரு தாய்வயிற்று மொழிகள். அத்தாய்மொழியை மூலச் சிலாவியம் என்பர். அது எழுத்தில் அமைந்த மொழியன்று. அதன் வழிவந்த மொழிகளை ஒப்பிட்டே அறிஞர் அதனை மீட்டமைத்துள்ளனர். அவ்வாறு மீட்கப்பட்ட சொல்லின் முன்னே உடுக்குறி (*) இடுவது மரபு.

தமிழில் முதுமை, புதுமை, நன்மை என ‘மை’ ஈற்றால் பண்புப்பெயரை அறிகிறோம். நன்னூலார் இப்பெயர்களை முதலாக வைத்து, ஈறு கெட ‘முது’, ‘புது’ என்னும் வடிவங்கள் அமையும் என்பார். சிலாவியத்தில் வழி இதற்கு மறுதலையானது. அங்கே பெயரடையே முதல். அதனோடு விகுதி சேர, பண்புப்பெயர் பிறக்கும்.

1. ‘ஒஸ்தி’ விகுதி

*ஸ்தாரு (முதிய) — *ஸ்தாரொஸ்தி (முதுமை)
*நொவு (புதிய) — *நொவொஸ்தி (புதுமை)
*ராது (மகிழ்ந்த) — *ராதொஸ்தி (மகிழ்ச்சி)

இச்சொற்களின் ஈற்று உகரமும் இகரமும் நம் குற்றியலுகரம், குற்றியலிகரம் போன்று மிகக் குறுகி ஒலித்தவை. பெயரடையின் ஈற்று உகரம் நீங்கிய இடத்தில் விகுதி சேர்ந்தது. பிற்காலத்தில் ஈற்று இகரமும் மறைந்தது. ஆயினும் தனக்கு முன்னிருந்த மெய்களை மென்மையாக்கிவிட்டே மறைந்தது. ஆதலால் ரஷ்யர் ‘ஸ்தாரஸ்த்’ என்பதைப் போலந்தினர் ‘ஸ்தாரோஷ்ச்’ என்பர். ‘முதுமை மகிழ்ச்சியன்று’ என்ற பழமொழி இரு மொழிகளிலும் உண்டு. அதில் வரும் இரு பெயர்களும் இவ்விகுதி பெற்றவையாதலால் நம் இயைபுத்தொடை போல ஒலிக்கும். ரஷ்யத்தில் ‘நோவஸ்த்’ என்பது இன்று ‘செய்தி’ என்றே பொருள்படும். புதுமையின் பெயர் புதியதொரு தகவலின் பெயராயிற்று.

2. ‘ஒத்தா’ விகுதி

*தொப்ரு (நல்ல) — *தொப்ரொத்தா (நன்மை). இவ்விகுதி வடமொழியின் ‘தா’ விகுதியோடு உறவுடையது. இதில் ஒரு சொல் நம் சிந்தைக்கு உரியது. *சிரு என்றால் பெற்றோரை இழந்த. *சிரொத்தா என்பது அந்த இழந்த நிலையைக் குறிக்க அமைந்த சொல். காலப்போக்கில் நிலையின் பெயர் ஆளின் பெயராயிற்று. இன்று ரஷ்யத்தில் ‘சிரத்தா’ என்றாலும் போலிஷில் ‘ஷெரொத்தா’ என்றாலும் அநாதைப் பிள்ளை என்பதே பொருள். வடமொழியில் ‘அகதி’ என்பதும் புகலின்மை, புகலற்றவர் என்னும் இரண்டையும் குறிக்கும். நம் வழக்கிலோ அது ஆளையே குறிக்கிறது. ஒருவருக்கு நேர்ந்த நிலையே அவரின் பெயராகிவிடுவது எம்மவர் மட்டும் கண்டதன்று.

3. ‘இஸ்த்வோ’ விகுதி

*பொகாத்து (செல்வமுடைய) — *பொகாத்திஸ்த்வோ (செல்வம்). இது பெயர்ச்சொல்லோடும் சேரும்: *பிராத்து (சகோதரன்) — *பிராத்திஸ்த்வோ (சகோதரத்துவம்). இதன் ‘த்வோ’ என்னும் கூறு வடமொழி ‘த்வ’ விகுதிக்கு உறவு என ஒப்பியல் மொழியறிஞர் கொள்வர். நாம் ‘சகோதரத்துவம்’, ‘தனித்துவம்’ எனச் சொல்லும்போது அவ்விகுதியின் கிளையொன்றையே வழங்குகிறோம். ‘தனி’ தமிழ், ‘துவம்’ வடமொழிவழி வந்தது.

விகுதியின் உயிர்

863ஆம் ஆண்டில் சிரில், மெத்தோடியஸ் என்னும் சகோதரர் மொராவியா நாட்டிற்குச் சென்று கிறித்தவ நூல்களைச் சிலாவிய மொழியிற் பெயர்த்தனர். கிரேக்க நூல்களின் நுண்கருத்துகளுக்குப் பெயர் வேண்டியபோது இவ்விகுதிகள் கைகொடுத்தன. மீண்டும் முதற் சொற்களை நோக்குக. ‘கிளாஸ்’ என்றால் குரல், ‘கிளாஸ்நி’ என்றால் பலரறிந்த, அதிலிருந்து ‘கிளாஸ்நஸ்த்’. ‘சொலிதார்’ என்னும் பகுதி இலத்தீன் வழிவந்த இரவற் பொருள். ‘நோஷ்ச்’ என முடியும் பகுதியோ வீட்டுச் சொத்து. புறத்திலிருந்து வந்த சொல்லையும் தன் விகுதியால் தனதாக்கிக்கொள்ளும் மொழி அழிவதில்லை.

மாணவர்களே! ‘இனிமை’ என்னும் ஒரு சொல்லை மனனஞ் செய்தால் ஒரு சொல்லே கிடைக்கும். ‘மை’ விகுதியின் தொழிலை அறிந்தால் நூறு சொற்களின் பொருள் விளங்கும். இல்லாத சொல்லை ஆக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டாகும். அவ்வுரிமையைக் கைவிடாதீர்கள்.

பயிற்சி

1. ‘மை’ விகுதி பெற்ற பத்துப் பண்புப்பெயர்களை எழுதுக.
2. ‘துவம்’ ஈறு பெற்ற ஐந்து சொற்களைத் திரட்டி, அவற்றின் பகுதி தமிழா, வடமொழியா எனக் கூறுக.
3. உங்கள் வகுப்பில் சிலாவிய மொழி பேசும் தோழர் இருப்பின், முதுமை, மகிழ்ச்சி என்பவற்றுக்கு அவர் வீட்டில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுக. நம் சொற்களையும் அவருக்குக் கூறுக.