பிரேக்கே ஆக்சிலரேட்டர் ஆன இரவு: செர்னோபில் நமக்குச் சொல்லும் பாடம்



ஒரு பஸ் மலைப்பாதையில் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். ஆனால் மிதித்த முதல் சில நொடிகளுக்கு மட்டும் அந்த பிரேக், ஆக்சிலரேட்டர் மாதிரி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோளாறு பஸ்ஸை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியாது. விபத்து நடந்தால் யார் மேல் தப்பு?

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23 மணிக்கு செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4-வது உலையில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அன்று என்ன நடந்தது, அதன் விளைவு எத்தனை காலம் நீள்கிறது, பொறியியல் படிக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா?

அன்று இரவு நடந்தது என்ன?

செர்னோபில் இன்றைய உக்ரைனில் இருக்கிறது. அன்று அது சோவியத் ஒன்றியம். அங்கே இருந்தது ஆர்பிஎம்கே-1000 வகை உலை. நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க கிராஃபைட், வெப்பத்தை எடுத்துச் செல்ல தண்ணீர். இந்த வகை உலையில் தண்ணீர் ஓரளவு நியூட்ரான்களை விழுங்கவும் செய்யும். அதனால் தண்ணீர் ஆவியாக மாறினால், அணுவினை குறைவதற்குப் பதிலாகக் கூடும். குறைந்த திறனில் ஓட்டும்போது இது ரொம்பவே ஆபத்து.

அன்று இரவு நடந்துகொண்டிருந்தது ஒரு பாதுகாப்புச் சோதனை என்பதுதான் கொடுமை. மின்சாரம் துண்டிக்கப்பட்டால், டீசல் ஜெனரேட்டர் முழு வேகத்துக்கு வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில், நின்றுகொண்டிருக்கும் டர்பைனின் மிச்சச் சுழற்சியை வைத்தே பம்புகளை ஓட்ட முடியுமா? இதைத்தான் பார்க்க நினைத்தார்கள்.

பகலில் முடிந்திருக்க வேண்டிய சோதனை இது. மின்சாரம் தேவைப்படுகிறது என்று கீவ் மின்கட்டுப்பாட்டு மையம் கேட்டுக்கொண்டதால் இரவுக்குத் தள்ளிப்போனது. நள்ளிரவில் வந்த ஷிஃப்ட் இதற்குத் தயாராக இல்லை. 700 மெகாவாட் வெப்பத் திறனில் செய்ய வேண்டிய சோதனை. ஆனால் திறன் 30 மெகாவாட் வரை சரிந்துவிட்டது. கட்டுப்பாட்டுத் தண்டுகளில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்து, கஷ்டப்பட்டு 200-க்குக் கொண்டுவந்து, அந்த நிலையிலேயே சோதனையைத் தொடங்கினார்கள்.

சோதனையின் முடிவில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார்கள். எல்லாத் தண்டுகளும் உலைக்குள் இறங்கத் தொடங்கின. நியூட்ரான்களை விழுங்கும் பகுதிக்குக் கீழே அந்தத் தண்டுகளில் கிராஃபைட் பகுதி ஒன்று உண்டு. தண்டு இறங்கும்போது, உலையின் அடிப்பகுதியில் இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு முதலில் அங்கே போவது அந்த கிராஃபைட்தான். விளைவு? நிறுத்த அழுத்திய பொத்தான் வினையை இன்னும் கூட்டியது. சில நொடிகளில் உலை வெடித்தது.

மூன்று கடிகாரங்கள்

வெடிப்பு நொடிகளில் முடிந்துவிட்டது. ஆனால் வெளியே வந்த ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதுதான் நாம் படித்த அரை ஆயுள் காலம்.

அயோடின்-131: 8 நாட்கள்.
சீசியம்-137: 30 ஆண்டுகள்.
புளுட்டோனியம்-239: 24,000 ஆண்டுகள்.

ஒரு எளிய கணக்கு: 10 அரை ஆயுள் கடந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அயோடினுக்கு அது 80 நாள். சீசியத்துக்கு 300 ஆண்டு. புளுட்டோனியத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் சீக்கிரம் மறைகிற அயோடின்தான் ஆபத்து குறைந்தது, இல்லையா? அதுதான் இல்லை. குழந்தைகளை அதிகம் பாதித்தது அதுதான். காற்றில் போன அயோடின் புல்லில் படிந்தது. புல்லைப் பசு மேய்ந்தது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். குழந்தையின் சின்னஞ்சிறு தைராய்டு சுரப்பி அதை இழுத்துச் சேர்த்துக்கொண்டது.

இதைத் தடுத்திருக்க முடியும். சில வாரங்களுக்கு அந்தப் பாலைக் கொடுக்காமல் இருந்தாலே பெரும்பகுதி பாதிப்பு குறைந்திருக்கும். ஆனால் மக்களுக்குச் சொல்லவில்லை. உலையிலிருந்து 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ப்ரிப்யாத் நகரத்தின் 49,000 பேரை பஸ்களில் ஏற்றியதே சுமார் 36 மணி நேரம் கழித்துத்தான். ஏப்ரல் 28-ம் தேதி ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் ஷூவில் கதிரியக்கம் தெரிந்த பிறகுதான் உலகத்துக்கு விஷயம் கசிந்தது. பக்கத்து நாடான போலந்து, தன் சொந்தக் கருவிகள் காட்டியதை வைத்து, 29-ம் தேதியே குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுக்க ஆரம்பித்தது. சுமார் ஒரு கோடி குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், விபத்தின்போது 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களிடம் 1991 முதல் 2015 வரை 19,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாகின. அதில் சுமார் நான்கில் ஒரு பங்கு கதிர்வீச்சால் வந்தது என்று ஐ.நா.வின் அறிவியல் குழு மதிப்பிட்டது. பெரும்பாலானோர் சிகிச்சையில் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். ஆனால் கழுத்தில் ஆபரேஷன் தழும்பும், வாழ்நாள் முழுக்க மாத்திரையும் பலருக்கு மிச்சம்.

இன்னும் முடியாத கணக்கு

கதிர்வீச்சு நோயால் பாதிக்கப்பட்ட 134 பேரில் 28 பேர் முதல் சில மாதங்களிலேயே இறந்தார்கள். அவர்களில் தீயணைக்கப் போனவர்களும் உண்டு. சுத்தப்படுத்தும் பணியில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் ஈடுபட்டார்கள். மொத்தத்தில் சுமார் மூன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஊர், வேலை, உறவு எல்லாம் போய், "நமக்கும் நோய் வந்துவிடுமோ" என்ற பயத்தோடு வாழ்ந்த அவர்களின் மனநலப் பாதிப்பு மிகப் பெரிய சுகாதாரப் பிரச்சினை என்று 2005-ல் ஐ.நா. அமைப்புகளின் கூட்டு ஆய்வு சொன்னது.

தூரமும் தப்பிக்கவில்லை. பிரிட்டனின் மலைப்பகுதிகளில் சீசியம் மழையோடு இறங்கியது. அங்கே ஆடுகளை விற்பதற்குப் போட்ட கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது 2012-ல்!

உலையின் மேல் அவசரமாகக் கட்டிய கான்கிரீட் கூடு விரிசல் விட ஆரம்பித்ததால், 2016-ல் 108 மீட்டர் உயரமுள்ள ஒரு எஃகு வளைவைத் தண்டவாளம் போட்டு நகர்த்தி மூடினார்கள். அதன் ஆயுள் 100 ஆண்டுகள் என்பது கணக்கு. 2025 பிப்ரவரியில், போருக்கு நடுவே, ஒரு ட்ரோன் மோதி அதில் ஓட்டை விழுந்தது. எந்த டிசைன் கணக்கிலும் ட்ரோன் இருந்திருக்காது.

நாம் கற்க வேண்டியது

1. தெரிந்த கோளாறு, இயக்குபவரின் கையேட்டில் இருக்க வேண்டும். தண்டுகளின் இந்தக் குணம் 1983-லேயே லித்துவேனியாவின் இக்னலினா உலையில் தெரிந்துவிட்டது. மற்ற நிலையங்களுக்குத் தகவலும் போனது. மாற்றங்கள் செய்வதாகவும் சொன்னார்கள். ஆனால் மாற்றமும் நடக்கவில்லை, இயக்க விதிகளிலும் அது ஏறவில்லை.

2. "ஆப்பரேட்டர் தப்பு" என்று ஃபைலை மூடக் கூடாது. 1986-ல் வந்த சர்வதேச அறிக்கை பழியை முக்கியமாக இயக்கியவர்கள் மேல் போட்டது. 1992-ல் அதே குழு அதைத் திருத்தி, வடிவமைப்புக் குறைகளையும் பாதுகாப்புப் பண்பாடு இல்லாததையும் முன்னே வைத்தது. இயக்கியவர்களும் தவறு செய்தார்கள்தான். ஆனால் அதோடு நின்றிருந்தால் மற்ற உலைகள் மாறியிருக்காது. பிறகு அவற்றில் எரிபொருள் செறிவை 2 சதவீதத்திலிருந்து 2.4 ஆக்கினார்கள். தண்டுகள் இறங்கும் நேரத்தை 18 நொடியிலிருந்து 12 ஆகக் குறைத்தார்கள்.

3. கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்ல வேண்டும். அணு விபத்து நடந்தால் மற்ற நாடுகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 1986-லேயே வந்தது. 2011-ல் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது, சில நாட்களிலேயே அந்தப் பகுதிப் பாலின் விற்பனையை நிறுத்தினார்கள். செர்னோபில் குழந்தைகளிடமிருந்து கற்ற பாடம் அது.

கடைசியாக ஒன்று. லேபில் ரீடிங் சரியா வரலைன்னா, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து "செட்" பண்ணி எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். கிராஃப் அழகாக வரும், மார்க்கும் வரும். ஆனால் அந்த மீட்டரில் நிஜமாகவே கோளாறு இருந்தால்? அடுத்த பேட்ச் பசங்களுக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த முறை ரீடிங் தப்பாக வந்தால், அப்படியே எழுதிவிட்டு, "மீட்டரைப் பாருங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் வடிவமைக்கப் போகிற இயந்திரத்தின் பொத்தானில், உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் நம்பி விரல் வைக்கப் போகிறார்.