ஐந்துக்கு ஏழு

தென்காசிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து தில்லிக்கு வந்த பாட்டி, துணிகளுக்கு நடுவே ஒரு தேக்குச் சட்டத்தைப் பொதிந்து கொண்டுவந்தார். தச்சுத் தொழில் செய்த தாத்தா தம் கையால் இழைத்த சட்டம் அது. அதனுள் இருந்த அவருடைய ஒளிப்படமோ சென்ற மழைக்காலத்தில் ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டி, முகம் தெரியாதவாறு அழிந்துவிட்டது. தாத்தாவின் முதலாண்டு நினைவு நாளுக்குப் பத்து நாள்களே இருந்தன. புதிய சட்டத்தோடு வேறு படம் வாங்கலாம் என்று அப்பா கூறினார். பாட்டி இசையவில்லை. அந்தச் சட்டத்திலேயே தாத்தாவைப் பார்க்கவேண்டும் என்றார். எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தி அப்பணியை ஏற்றுக்கொண்டாள்.

அவள் முதலில் சட்டத்தின் முன்புறத் திறப்பை அளந்தாள். அப்பா பின்பலகையைக் கழற்றிக் கண்ணாடியை அளக்கச் சொன்னார். சட்டத்தின் விளிம்பு கண்ணாடியின் ஓரத்தை மறைத்திருந்ததால், திறப்பைவிடக் கண்ணாடி சற்றுப் பெரியதாக இருந்தது. அகலம் 5 அங்குலம், உயரம் 7 அங்குலம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறிவிட்டது. ஆயினும் ஒளிப்படக் கடைகளில் இன்றும் அங்குலமே பேசப்படுகிறது.

ஊரிலிருந்த அத்தையிடம் தாத்தாவின் சிறிய படம் ஒன்று இருந்தது. அதை மேசைமீது வைத்துக் கைப்பேசியால் எடுத்து, செய்திச் செயலி வழியே அனுப்பினார் அத்தை. பேத்தி அதைக் கணினியில் ஏற்றி, நான்கு மூலைகளையும் இழுத்து ஐந்துக்கு ஏழாக்கி அச்சிட்டாள். பாட்டி அதை நெடுநேரம் பார்த்தார்.

“இவர் யார் கண்ணு? உன் தாத்தாவுக்குக் கன்னம் இப்படி உப்பியிருந்ததே இல்லை.”

பேத்திக்கு அழுகை வந்தது. மறுநாள் பள்ளியில் கணினி ஆசிரியையிடம் அந்தத் தாளைக் காட்டினாள். அவர் கைப்பேசிப் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தார். அகலத்தில் 900, உயரத்தில் 1600 எனப் படப்புள்ளிகள் இருந்தன. பிக்சல் என்று நாம் வழங்குவது இப்புள்ளிகளைத்தான். அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம் 9 : 16. சட்டத்தின் விகிதமோ 5 : 7. விகிதம் வேறான படத்தை இழுத்துப் பொருத்தியதால், உயரத்தோடு ஒப்பிட முகம் கால் பங்குக்கும் மேலாக அகன்றுவிட்டது. படத்தை இழுக்கலாகாது, வேண்டாத பகுதியை வெட்டி நீக்கவேண்டும் என்றார் ஆசிரியை.

மேசை விரிப்பு தெரிந்த பகுதிகளை வெட்டியபின் 600க்கு 840 புள்ளிகள் எஞ்சின. இப்போது விகிதம் 5 : 7. முகமும் தாத்தாவின் முகமாயிற்று. ஆனால் 600 புள்ளிகளை 5 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்திற்கு 120 புள்ளிகளே கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக அமைய அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் வேண்டும். 300 என்ற எண்ணைக் கணினியில் தட்டச்சு செய்துவிட்டால் போதாதா என்று பேத்தி கேட்டாள். பலரும் ஏமாறும் இடம் இதுதான். அவ்வாறு செய்தால் ஒன்று, படம் 2 அங்குல அகலத்திற்குச் சுருங்கும். அல்லது கணினி தானாகவே இடைப்புள்ளிகளை இட்டு நிரப்பும். அப்புள்ளிகள் அருகிலுள்ள நிறங்களைக் கொண்டு கணித்தவை. தாத்தாவின் முகத்திலிருந்து வந்தவை அல்ல.

அன்று மாலையே அத்தையுடன் பேசினார்கள். அவரிடமிருந்த படம் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டது. சட்டத்தின் அளவில் சரிபாதி! அதனை ஸ்கேனரில் அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்று வைத்து எடுத்தால் 1500க்கு 2100 புள்ளிகள் வரும். அவற்றை ஐந்துக்கு ஏழில் பரப்பினால் அங்குலத்திற்குச் சரியாக 300. அத்தை தென்காசிக்குச் சென்று அவ்வாறே எடுத்து, மின்னஞ்சலில் அனுப்பினார். செய்திச் செயலியில் ஒளிப்படமாக அனுப்பினால் புள்ளிகள் குறைந்துவிடக்கூடும்.

இன்னும் ஒரு தடை இருந்தது. கடையில் ஏ4 தாளில் அச்சிட்ட படத்தைப் பேத்தி அடிக்கோலால் அளந்தாள். அகலம் நாலேமுக்கால் அங்குலம்! ‘தாளுக்குப் பொருத்து’ என்ற அமைப்பில் அச்சுப்பொறி அனைத்தையும் 95 விழுக்காடாகச் சுருக்கியிருந்தது. ‘உண்மை அளவு, 100 விழுக்காடு’ என்று மாற்றச் சொன்னாள். விலைமிக்க பளபளப்புத் தாளை வீணாக்காமல், முதலில் சாதாரணத் தாளில் 10 சென்டிமீட்டர்க் கோடு ஒன்றை அச்சிட்டு அளந்தார்கள். கோடு சரியாக இருந்தது. அதன் பின்னரே படத்தை அச்சிட்டார்கள்.

நினைவு நாளுக்கு முந்தைய மாலை, பாட்டி தாமே பின்பலகையைத் திறந்தார். படம் எங்கும் மடங்காமல், ஓரத்தில் வெள்ளை தெரியாமல் உள்ளே அமர்ந்தது. சட்டத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“புருவத்தின் மேலிருக்கும் தழும்புகூடத் தெரிகிறதே! உளி தெறித்துப் பட்டது. அப்போது உன் அப்பா பிறக்கவில்லை” என்றார்.

அப்பாவும் அதுவரை அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டதில்லை. சட்டத்தை வாங்கி அவரும் உற்றுப் பார்த்தார்.

சொற்பொருள்: இழைத்தல் – மரத்தைச் செதுக்கி வழவழப்பாக்குதல், இசைதல் – உடன்படுதல், தழும்பு – காயம் ஆறியபின் நிற்கும் வடு.

பயிற்சி

அ. 1200க்கு 1800 புள்ளிகள் கொண்ட படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் அதன் நீள அகலம் எத்தனை அங்குலம்?

ஆ. பாட்டி முதற்படத்தில் தாத்தாவை அடையாளம் காணாததற்குக் காரணம் யாது?

இ. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய ஒளிப்படத்தை அளந்து, அதில் இருப்பவர் பற்றிப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.