முப்புரம் எரித்த காட்சி: ஓர் ஓவியத்தைப் படிப்பது எப்படி?

முப்புரம் எரித்த கதை நம்மில் பலருக்கும் தெரிந்த ஒன்றாகும். பொன், வெள்ளி, இரும்பு ஆகிய மூன்று கோட்டைகளில் வாழ்ந்த அசுரர்களைச் சிவபெருமான் வென்றார். அப்போருக்குப் பூமி தேராகவும், மேரு மலை வில்லாகவும், திருமால் அம்பாகவும் ஆனதாகப் புராணம் கூறும்.

மாசாயில் தமிழ்ப்பள்ளியில் பயின்ற காலத்தில் இக்கதையை நான் தமிழில் கேட்டேன். பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஓவியக்கலையை மலாய்மொழியில் பயின்றேன். கதை ஒரு மொழியிலும் ஓவியம் வேறொரு மொழியிலுமாகப் பிரிந்தே நின்றன. நம்மில் பலரின் நிலையும் இதுவே எனலாம். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

இராசராச சோழன் எழுப்பிய தஞ்சைப் பெரியகோயில் 1010-இல் நிறைவுற்றது. அதன் கருவறையைச் சுற்றியுள்ள உட்பாதைச் சுவரில் முப்புரம் எரித்த காட்சி தீட்டப்பட்டுள்ளது. இதனை மூன்று வினாக்களோடு அணுகுவோம்.

முதலாவது, ஓவியர் எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்தார்? கோட்டைகள் சாம்பலாகும் என்பதை நாம் அறிவோம். ஓவியரோ போர் நடந்துகொண்டிருக்கும் கணத்தை வரைந்தார். எட்டுக் கைகளுடன் சிவன் தேர்மீது வில்லேந்தி நிற்கிறார். நான்முகன் தேரோட்டுகிறார். பிள்ளையார், முருகன், காளி ஆகியோரும் களத்தில் உள்ளனர். வெற்றி இன்னும் கிட்டவில்லை.

இரண்டாவது, முகங்கள் என்ன சொல்கின்றன? சிவன் முகத்தில் வீரமும், அசுரர் முகத்தில் அடங்காச் சினமும் தெரிகின்றன. ஆனால், அசுரர்களைப் பற்றிக்கொண்டு அஞ்சி நிற்கும் அவர்தம் மகளிரையும் ஓவியர் மறக்கவில்லை. பல போர்களில் வென்ற மன்னனின் கோயிலில், தோற்கப்போகும் வீட்டாரின் துயருக்கும் இடம் கிடைத்துள்ளது. கதையை மட்டும் கேட்ட நமக்கு இப்பெண்கள் தெரிந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, எதன்மீது, எவ்வாறு வரைந்தார்? சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டும் முறை இது. சாந்து உலர்ந்துவிட்டால் திருத்த இயலாது. எனவே, கோடு ஒவ்வொன்றும் தயக்கமின்றி விழவேண்டும்.

இவ்வினாக்கள் பிற நாட்டு ஓவியங்களுக்கும் பொருந்தும். ஐரோப்பாவின் பரோக் காலத்து ஓவியர் ரூபென்ஸ், ஏறத்தாழ 1604-இல் ‘ஃபேத்தனின் வீழ்ச்சி’ என்னும் ஓவியத்தைத் தொடங்கினார். இது இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. கதிரவனின் தேரை அடக்க முடியாத மகன், இடியால் தாக்குண்டு விழும் கணம் அது. அங்கும் ஒரு தேர். அங்கும் அஞ்சி நடுங்கும் பெண்ணுருவங்கள். ஆனால், அது எண்ணெய் வண்ணம் என்பதால் ரூபென்ஸ் பின்னர் அதனைத் திருத்தியமைக்க முடிந்தது.

தஞ்சையிலோ மாற்றம் வேறுவகையில் நேர்ந்தது. நாயக்கர் காலத்தில் சோழர் ஓவியங்களின்மேல் புதிய சாந்து பூசி வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறை, நாயக்கர் ஓவியங்கள் பலவற்றைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே காப்பாற்றியது. இரண்டு தலைமுறைக் கலையும் பிழைத்தது.

நம் நாட்டு ஆலயங்களிலும் குடமுழுக்கின்போது புதுவண்ணம் தீட்டுவது வழக்கம். அது தேவையான திருப்பணியே. ஆயினும், பழைய ஓவியம் மறையுமுன் அதனைப் படமெடுத்து, வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வைக்கலாமே! அதன்முன் நின்று மேற்கண்ட மூன்று வினாக்களையும் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாமே! கதையை அறிந்துவிட்டோம் என்னும் எண்ணமும் ஒருவகைப் பூச்சுதான். அதனைச் சற்று விலக்கினால், நாம் இதுவரை காணாத முகங்கள் அங்கே தென்படும்.