ஏர் பிளாஸ்ட்

"நீ பூகம்பத்தைக் கண்டதுண்டா?" என்று விடுதியில் கேட்கிறார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பம் எங்களுடையது. கோலார் தங்கவயல் மைசூர் மைன்ஸில் பிறந்த நான் எட்டு வயதில் ஓர் அதிர்ச்சியைக் கண்டேன். இரவில் காலடியிலிருந்து ஓர் இடி, பாத்திரங்கள் உருண்டன. லைன் வீட்டார் எல்லாரும் வாசலுக்கு வந்து, "ஏர் பிளாஸ்ட்" என்றனர். பெயரில் காற்று, வெடிப்பதோ பாறை.

பாறையின் ஒரு கன சென்டிமீட்டர் 2.9 கிராம் என்று கொள்வோம். 3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 870 கிலோகிராம் சுமக்கிறது. தங்கத்துக்காக நடுவே குடைந்துவிட்டால் அச்சுமை எஞ்சிய பாறைமீது ஏறும். தாங்காதபோது பாறை திடீரென நொறுங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 1952-லும் 1962-லும் இவ்வாறு பெரும் வெடிப்புகள் நேர்ந்தன. குடைந்தது நாம் அன்றோ? இதை இயற்கையின் சீற்றம் என்றெழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இறைப்பார் இன்றி நீர் நிரம்பியது. அந்நீரின் அழுத்தம் பாறைப் பிளவுகளின் பிடியைத் தளர்த்துகிறது. ஆள் இறங்காத சுரங்கமும் அதிர்கிறது.

அன்றிரவு நாங்கள் சுவரின் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாத்தா மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு சாப்ட்டுப் பக்கம் நடந்தார். அவர் காலத்தில் அதிர்ந்தவுடன், கீழே எந்த ஷிப்டு என்றுதான் கேட்பார்களாம். அப்பா பின்னாலேயே ஓடி, "கீழே யாரும் இல்லைப்பா" என்று அழைத்து வந்தார்.