அண்டை வீட்டாரின் பூனை

அல்லாஹ்வின் திருநாமத்தைக் கொண்டு தொடங்குகிறோம்.

இந்த மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. ஒரு பூனையைப் பற்றியது. ஆயினும் பிறர் பொருள், அமானிதம், அண்டை வீட்டாரின் ஹக்கு ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. வியாபாரிகளாகிய நமக்கு இம்மூன்றும் தினந்தோறும் கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறவை. ஆகவே பொறுமையுடன் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நடந்தது இதுதான். தோ பாயோவில் பல வருஷங்கள் குடியிருந்த வீட்டை விட்டு உட்லண்ட்ஸுக்கு மாற வேண்டிய நிலை நமக்கு ஏற்பட்டது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர், நல்ல மனிதர். இரவில் காவல் வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குவார். அந்த வீட்டில் சாம்பல் நிறப் பூனை ஒன்று இருந்தது. சில மாதங்களாகவே அதன் நிலை சரியில்லை. தட்டு காய்ந்து கிடக்கும், கிண்ணத்தில் தண்ணீர் இராது, காதோரத்தில் புண், விலா எலும்பை எண்ணிவிடலாம். நாம் கடையடைத்து வரும் நேரம் பார்த்து நம் வாசலில் வந்து நின்று கத்தும். வீட்டில் மீன் தலையும் சோறும் பிசைந்து வைத்தார்கள். நாளடைவில் அதுவே அதன் சாப்பாடாகிவிட்டது.

சாமான் கட்டும் நாள் நெருங்கியது. நம் இளைய மகள் மெதுவாக வந்து, "அத்தா, யாருக்கும் தெரியாம கூடையில வச்சுக் கொண்டு போயிடலாம். அவங்க தேடவே மாட்டாங்க" என்றாள். உண்மையைச் சொன்னால், நம் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. விட்டுப்போனால் அது பட்டினி கிடக்கும்; கொண்டுபோனால் நன்மை கிடைக்கும்; இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. யோசிக்க நிறைய இருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று.

1. வாயில்லா ஜீவனின் ஹக்கு

பூனை நம் மார்க்கத்தில் அசுத்தமான பிராணியன்று. அபூ கத்தாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மகனின் மனைவி கப்ஷா அவர்கள் ஒளுச் செய்யத் தண்ணீர் வைத்தார்கள். பூனை ஒன்று குடிக்க வந்தது. அபூ கத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தை அதற்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்புடன் பார்க்கவே, பூனை அசுத்தமன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணிகளில் உள்ளது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய கிதாபுகளில் இச்சம்பவம் உள்ளது.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரக வேதனைக்கு ஆளான செய்தியை, இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிதாபுகளிலும் காண்கிறோம். அவள் உணவும் தரவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தேடித் தின்னும்படி அவிழ்த்து விடவுமில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பிராணியை வைத்திருப்பவர் அதற்குத் தீனி கொடுக்கக் கடமைப்பட்டவர், முடியாவிட்டால் விற்கவோ வேறொருவரிடம் விடவோ வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களில் சட்டமே வகுத்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தப் பூனைக்கு நம் வீட்டில் சோறு வைத்தது சரி. அதில் சந்தேகமில்லை.

2. இரக்கத்தினால் உரிமை வந்துவிடுமா?

இங்கேதான் நாம் வழுக்கி விழப் பார்த்தோம். பூனை காட்டில் திரிவதன்று. உடையவர் உள்ள பூனை. அது ஒருவருடைய பொருள். பூனையின் கிரயத்தை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. எனினும் வீட்டுப் பூனையை விற்பது செல்லும் என்பதே இமாம்களில் பெரும்பாலோரின் முடிவு. விற்க முடிகிற பொருளுக்கு உடையவர் உண்டு. உடையவர் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும்.

வியாபாரிக்கு விளங்கும்படி சொல்லுவோம். பக்கத்துக் கடைக்காரர் அரிசி மூட்டையை வெளியே வைத்துவிட்டுப் போய்விட்டார், மழை வருகிறது. மூட்டையை உள்ளே இழுத்து வைப்பது நம் கடமை. மறுநாள், "நீர் மழையில் விட்டுவிட்டீர், ஆகவே இது எனக்கு" என்று நம் கடையில் வைத்து விற்கலாமா? கூடாது. அது கஸ்பு, பிறர் பொருளை அபகரிப்பது. அவர் கவனமில்லாதவர் என்பதால் அவர் பொருள் நமக்கு ஹலாலாகிவிடாது.

பிறருடைய கால்நடையில் அவருடைய அனுமதியின்றிப் பால் கறக்கக் கூடாதென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டிய உவமை, யாரோ ஒருவன் உங்கள் பண்டகசாலையை உடைத்துத் தானியத்தை அள்ளிப்போனால் அதை விரும்புவீர்களா என்பது. பாலுக்கே இவ்வளவென்றால், பிராணியையே கூடையில் வைத்துக் கொண்டுபோவது எப்படி?

"இத்தனை மாதம் சோறு போட்டது நாமல்லவா?" என்ற எண்ணமும் நமக்கு வந்தது. உடையவர் கேளாமல் நாமாகச் செய்த செலவு தர்மம். அதைக் கணக்கெழுதி உரிமை கேட்க முடியாது.

தீனி கொடுக்க முடியாமல் உடையவர்கள் கைவிட்ட பிராணியை ஒருவர் எடுத்துப் பிழைக்க வைத்தால் அது அவருக்கே உரியது என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. இமாம் அஹ்மது (ரஹ்) அவர்கள் இதன்படி சொன்னார்கள். இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களோ, அப்போதும் உடையவரின் உரிமை போகாது என்றார்கள். நம் விஷயத்தில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அந்தப் பூனை இரவில் தன் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. கவனிப்பு குறைந்ததே தவிர, கைவிடப்படவில்லை.

3. முதலில் உடையவரிடம் பேசுக

அப்படியானால் பூனை பட்டினி கிடக்கட்டும் என்று போய்விடுவதா? அதுவும் கூடாது. வழி என்ன?

அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவான சம்பவத்தைப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்சாரி ஒருவருடைய தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் விட்டது. அவர்கள் அதனிடம் சென்று தடவிக்கொடுத்தார்கள், அது அமைதியடைந்தது. பிறகு, இது யாருடையது என்று விசாரித்தார்கள். ஒரு வாலிபர் வந்து தம்முடையது என்றார். அல்லாஹ் உமக்குச் சொந்தமாக்கித் தந்த இப்பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா, நீர் பசியில் வாட்டிக் களைக்கச் செய்வதாக இது முறையிடுகிறதே என்று அவருக்கு எடுத்துரைத்தார்கள்.

இதிலுள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிராணியைத் தேற்றினார்கள். அடுத்து உடையவர் யாரென்று கேட்டார்கள். பிறகு அவரிடமே நேரில் சொன்னார்கள். ஒட்டகத்தை அவிழ்த்துக் கொண்டுபோகவில்லை.

நாம் பேசிய விதத்தில் ஒரு தவறு செய்தோம். அதையும் சொல்லிவிடுவது நல்லது. ஒருநாள் காலை பெரியவர் வேலை முடிந்து வரும்போது, தாழ்வாரத்தில் நாலு பேர் இருக்கையில், "அண்ணே, பூனையைப் பட்டினி போடுறீங்களே, பாவமில்லையா?" என்று கேட்டுவிட்டோம். அவர் முகம் சிவந்தது. "என் வீட்டுப் பூனையை எனக்குப் பார்த்துக்கத் தெரியும் பாய்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். தப்பு நம்முடையது. நல்ல சரக்கையும் முகத்தில் வீசினால் யாரும் வாங்கமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தேநீரும் வடையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். வீடு மாறப்போவதைச் சொன்னோம். "நாங்க போயிட்டா அது எங்க வாசல்லதான் வந்து நிக்கும் அண்ணே. அதுதான் மனசு கேக்கல" என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாய், அது என் பூனையே இல்ல. மகன் வளர்த்தது. கல்யாணமாகித் தனியாப் போனப்ப விட்டுட்டுப் போயிட்டான். ராத்திரி வேலைக்குப் போற ஆளு நான், என்ன செய்ய? யாருக்கும் கொடுக்கவும் பயம், நாளைக்கு வந்து கேட்டான்னா?" என்றார். பிறகு, "நீங்க வேணும்னா கொண்டு போங்க" என்றும் சொன்னார்.

4. கொடுக்க உரிமையுள்ளவர் யார்?

நமக்கு வந்த மகிழ்ச்சியில் சரி என்று சொல்லியிருப்போம். ஆனால் வியாபார புத்தி தடுத்தது. கடையில் நிற்கும் பையன், முதலாளியின் சரக்கை ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் அது செல்லுமா? செல்லாது. பெரியவர் உடையவரல்லர், அவரிடம் அது அமானிதம். ஹிபா என்னும் அன்பளிப்பு செல்லுபடியாக, கொடுப்பவர் அப்பொருளுக்கு உரிமையுள்ளவராக இருக்க வேண்டும்.

ஆகவே மகனோடு பேசும்படி கேட்டுக்கொண்டோம். அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். மகன், "அப்பா பார்த்துக்குவார்னு இருந்துட்டேன்" என்றார். தகப்பனார், மகன் வந்து கொண்டுபோவான் என்று இருந்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் பூனை இளைத்துப்போயிற்று. கூட்டு வியாபாரத்தில் இரண்டு பங்காளிகளும், மற்றவர் கணக்குப் பார்ப்பார் என்று இருந்துவிட்டால் கடை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? மகன் அந்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் வந்து, தகப்பனாரின் முன்னிலையில், "நீங்களே வளர்த்துக்குங்க" என்றார். நாமும் ஏற்றுக்கொண்டோம்.

5. நம்மால் தாங்க முடியுமா?

ஏற்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசினோம். இரக்கம் ஒருநாள் வரும். பூனை பல வருஷம் இருக்கும். நம் வீட்டிலிருந்தும் இன்னொரு மெலிந்த பூனை வெளியே போனால் கேள்வி நம்மிடம் வரும்.

நாட்டுச் சட்டத்தையும் பார்த்தோம். சிங்கப்பூரில் 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதியில்லாதிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு 2 பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாயிற்று. மைக்ரோசிப்பும் லைசென்சும் வேண்டும். அதற்கு 2026 ஆகஸ்ட் 31 வரை தவணை கொடுக்கப்பட்டது. வளர்த்த பிராணியைக் கைவிட்டால் முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. மலேசியாவிலும் 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம், கொடுமை செய்வோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

பிறகு செலவு. மருத்துவர், தீனி, ஜன்னல்களுக்கு வலை. புதிய வீடு ஆறாவது மாடியில் இருப்பதால் வலை அவசியம். அடுத்து, நாம் ஊருக்குப் போகும் மாதத்தில் யார் தீனி வைப்பது? இதற்குப் பதிலில்லாமல் நம்மவர் பலர் பிராணி வளர்க்கத் தொடங்கிவிடுகிறோம். நம் மைத்துனர் உட்லண்ட்ஸிலேயே இருக்கிறார். அவர் ஒப்புக்கொண்ட பின்னரே நாம் சரி என்றோம். அவர் மறுத்திருந்தால், பூனையைக் கவனிக்கக்கூடிய வேறு நல்ல வீட்டைத் தேடும்படி மகனிடம் சொல்லி, நாமும் கூடத் தேடியிருப்போம். அதுவும் இரக்கந்தான். எல்லா நன்மையையும் நம் வீட்டிலேயே கட்டிவைக்க வேண்டுமென்பதில்லை.

பாடம் இதுதான், சகோதரர்களே. பசித்த ஜீவனுக்கு உணவளிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அதைச் சொந்தமாக்கிக்கொள்ள உடையவருடைய அனுமதி வேண்டும். ஏற்றுக்கொள்ள நம் சக்தியைப் பற்றிய உண்மையான கணக்கும் வேண்டும். நல்ல நிய்யத்து, தவறான வழியை நல்ல வழியாக்காது. கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், நம் மகள் அன்று படித்திருக்கும் பாடம் வேறாக இருந்திருக்கும்.

பூனை இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. காதுப் புண் ஆறிவிட்டது. பெரியவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறார். முதலில் பூனையைத்தான் விசாரிக்கிறார், நம்மைப் பிறகுதான்.

வல்ல அல்லாஹ், நம் கையில் ஒப்படைக்கப்பட்ட மனிதர், பிராணி, பொருள் அனைத்திலும் அமானிதம் பேணும் நல்லடியார்களாக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.